ரெட் ரிவர் வண்டிலில் ஒரு சவாரி

1

என் கணவர் கனடாவில் மாட்டைக் கடித்து மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனார் என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறதாம். கொழும்பில் இருக்கும் என் சித்தியின் மகள் தொலைபேசியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அத்தான் உண்மையாவே கடிச்சவரே? பல்லுக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

கடித்தது உண்மை. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பொலிஸ் அவருக்குக் கைவிலங்கு போட்டது மாட்டுக்காக இல்லை. இந்த மே மாத நீண்ட வார இறுதியோடு அது நடந்து ஒரு வருடம் ஆகிறது.

ஊருக்குத் தெரிந்தது பாதிக் கதை. ரொறன்ரோச் சனத்துக்கு மற்றப் பாதி தெரியும், ஆனால் பிழையாகத் தெரியும். "பத்து வயசுப் பெட்டை, பெத்த தேப்பனைப் பொலிசிட்டைக் காட்டிக் குடுத்திட்டாள்" என்பதுதான் இங்கே கதை. பெட்டை என்பது என் ஒரே மகள் மயூரி. கோவிலுக்குப் போனாலும் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அவளிடமிருந்து இரண்டு கதிரை தள்ளி இருத்துகிறார்கள். அவள் ஏதோ தொற்று நோய்க்காரி என்று நினைப்பு.

போன ஞாயிறு நடராசா அண்ணை தூது வந்தார். எங்கள் ஊர்க்காரர், ஸ்காபரோவில் எந்தக் குடும்பத்தில் பிணக்கு என்றாலும் தேத்தண்ணி குடித்துத் தீர்த்துவைக்கிறவர். சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"தங்கச்சி, கோட் சொன்ன வருசம் முடிஞ்சுது. சிவராசா வீட்டை வரச் சம்மதம். ஒரேயொரு விசயம்தான். பிள்ளை அவன்ரை முகத்தைப் பாத்து மன்னிப்புக் கேக்கவேணும். சனத்துக்கு முன்னாலை அவன்ரை தலை குனிஞ்சுபோச்செல்லே? அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வாறன்."

நான் வாய் திறக்குமுன் மயூரி அறையிலிருந்து வந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"இற்ஸ் ஓகே அம்மா. நான் சொறி சொல்லுறன். இற்ஸ் ஜஸ்ற் எ வேர்ட். அப்பா வந்தாக் காணும்."

செய்யாத ஒன்றுக்காக என் பிள்ளை அந்த மனிதனின் காலடியில் போய் நிற்கத் தயாராக இருக்கிறாள். அவள் காட்டிக் கொடுக்கவில்லை. இதை ஒரு வருடமாகக் கேட்கிற எல்லோருக்கும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருவரும் நம்புவதாக இல்லை. அதனால்தான் அச்சில் வரட்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

2

வடபகுதிக்காரருக்கு மாட்டுவண்டிச் சவாரி பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெறுந்திடலில் இரண்டு வண்டில்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஒவ்வொன்றிலும் ஒரு சோடி மாடு. ஓட்டுகிறவர் உட்கார்ந்திருக்கமாட்டார். வண்டிலின் முன்பக்கத்தில் குந்தியும் எழும்பியும் துள்ளியும் வருவார். ஒரு கையில் நாணயக்கயிறு, அதாவது மூக்கணாங்கயிறு. மற்றக் கையில் துவரங்கம்பு. கம்பின் நுனியில் ஆணி. வேகம் காணாதென்றால் வாலை முறுக்குவார், இன்னும் காணாதென்றால் குனிந்து பல்லால் கடிப்பார். வெல்லுகிற சோடி வாயில் நுரையோடும் பின்தொடையில் இரத்தத்தோடும் வந்து நிற்கும். அதைப் பார்த்துச் சனம் விசில் அடிக்கும். யார் முந்தியது என்பதில் தகராறு வந்தால் மாட்டுக்கு எடுத்த கம்பு மனிதர்மேல் பாயும். என் கணவரின் இடது புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு அப்படி வந்ததுதான்.

சிவராசாவைச் சவாரிச் சிவம் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. நானும் அந்தப் பெயரில் மயங்கித்தான் கழுத்தை நீட்டினேன், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. கலியாணமாகி முதல் மாதம் கவனித்தேன். சவாரி முடிந்து வந்ததும் மஞ்சளை எண்ணெயில் குழைத்து மாட்டின் காயத்தில் பூசுவார். பூசும்போது அழுவார். "என்ரை ராசா, நொந்துபோச்சே?" என்று கேட்பார். அடுத்த சவாரிக்கு அதே இடத்தில் ஆணி இறங்கும். இரண்டாவது மாதம் எனக்கும் அதே வைத்தியம் தொடங்கியது. அடித்த கையாலேயே எண்ணெய் பூசினார். அழவும் செய்தார்.

ஆனால் எண்பத்தேழையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் இது நேர்மையாக இராது. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. இந்தியன் ஆமி முகாமிலிருந்து வெளிக்கிட்டுவிட்டதென்று சனம் ஓடத் தொடங்கியபோது மயூரி கைக்குழந்தை. இவர் சவாரிச் சோடியை வண்டிலில் பூட்டினார். என்னையும் பிள்ளையையும் தூக்கிப் போட்டுக்கொண்டு சேறு நிறைந்த வயல்வெளிக்குக் குறுக்கே விட்டார். றோட்டால் போனவர்கள்மீது ஷெல் விழுவதை நாங்கள் வயல்வெளியிலிருந்து பார்த்தோம். ஒரு சைக்கிள் மேலே எழும்பியதைப் பார்த்தேன். ஓட்டிவந்த மனிதன் எழும்பியதைப் பார்க்கவில்லை. அடுத்தது எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தது. வலது பக்க மாட்டின் வயிறு கிழிந்து குடல் தொங்கியது. அது நின்றுவிடப் பார்த்தது. இவர் விடவில்லை. கிழிந்த மாட்டை ஆணியால் குத்தினார், கடித்தார், பெயர் சொல்லிக் கெஞ்சினார், திரும்பவும் குத்தினார். அது தன் குடலையே மிதித்துக்கொண்டு ஓடியது. வெளி முடிந்து பனங்கூடலுக்குள் வந்ததும்தான் விழுந்தது. நுகக்கயிற்றை அறுத்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இவர் கதறிய கதறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நானும் என் பிள்ளையும் உயிரோடு இருப்பது அந்தக் குத்தினால்தான். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அதை மறக்க அவர் என்னை விட்டதும் இல்லை.

3

ரொறன்ரோவில் எங்களுக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு அறை அப்பாட்மென்ட். அவருக்குப் பாண் தொழிற்சாலையில் தட்டுக் கழுவும் வேலை, எனக்குப் பெட்டி அடைக்கும் வேலை. அகதி வழக்கு வென்று, நிரந்தரமாக இருக்க விடும் லாண்டட் பேப்பருக்குக் காத்திருந்தோம். எந்தக் கந்தோருக்குப் போனாலும் மயூரிதான் எங்களுக்கு வாய். வங்கியில், வைத்தியரிடம், வீட்டு மனேஜரிடம் அவள்தான் பேசுவாள். ஏழு வயதில் என் கர்ப்பப்பை வலியை வைத்தியருக்கு விளங்கப்படுத்தியவள் அவள்.

அவளுடைய வகுப்பில் "முன்னோடிகள் எப்படிப் பயணம் செய்தார்கள்" என்று ஒரு புரொஜெக்ட் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாகனம் செய்யவேண்டும். ஒருவனுக்குத் தோணி, ஒருத்திக்குக் குதிரை வண்டி. மயூரிக்குக் கிடைத்தது ரெட் ரிவர் வண்டில். மேற்கே மனிற்றோபாவின் புல்வெளிகளில், ரயில் வருவதற்கு முந்திய காலத்தில், மெற்றி என்ற கலப்பின மக்கள் ஓட்டிய வண்டில் அது. இரண்டு பெரிய சில்லு, ஒற்றை மாடு. முழுக்க முழுக்க மரம். ஒரு இரும்பு ஆணிகூடக் கிடையாது. பதனிடாத எருமைத்தோலை ஈரமாக வைத்து இறுக்கிக் கட்டுவார்களாம், காய்ந்தால் அது இரும்பாகிவிடுமாம். அச்சுக்குக் கிறீஸும் பூசமாட்டார்களாம். பூசினால் புழுதி ஒட்டிச் சில்லு இறுகிவிடும்.

இவருக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"ஆணி இல்லாமல் வண்டிலோ? கிறீஸ் இல்லாமல் அச்சோ? உவங்களுக்கு ஆர் வண்டில் செய்யப் பழக்கினது?"

யாரோ எறிந்த கதிரையைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பல்கனியில் இருந்து செதுக்கி, அழகான ஒரு வண்டில் செய்தார். ஆணி அடித்த வண்டில். மயூரி அதைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். "அப்பா, நோ நெயில்ஸ்! மிஸ் மாக்ஸ் வெட்டுவா!" அவர் வேலைக்குப் போனபின் குறட்டால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். வண்டில் பலகை பலகையாக விழுந்துவிட்டது. அவர் திரும்பிவந்து பார்த்தார். ஒரே அறை. பிள்ளை சுவரில் போய் மோதிக் கீழே இருந்தாள்.

மறுநாள் காலை அவளுக்கு இரட்டைப் பின்னல் போடவில்லை. காது வீங்கியிருந்ததால் முடியை விரித்துவிட்டு அனுப்பினேன். எனக்கு அதில் நல்ல பழக்கம்.

அன்று பின்னேரம் அவர் தன் குளிர்காலச் சப்பாத்தின் தோல் நாடாக்களை உருவித் தண்ணீரில் ஊறப்போட்டார். ஒரு ஆணி இல்லாமல், பசை இல்லாமல், புதிதாக ஒன்று கட்டினார். தோல் காய்ந்ததும் அது கல்லுப்போல நின்றது. வகுப்பிலே அதுதான் முதல். மயூரி தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சினாள். அறை விழுந்தது யாருக்கும் ஞாபகத்தில் இல்லாததுபோல் நாங்கள் மூன்று பேரும் அன்று ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டோம்.

4

நகரத்துக்கு வெளியே ஒரு பழங்கால முன்னோடிக் கிராமம் இருக்கிறது. பழைய மரவீடுகளையும் கொல்லன் பட்டறையையும் அப்படியே வைத்துக் காசு வாங்கிக் காட்டுவார்கள். அந்த மே மாத வார இறுதியில் பிள்ளைகளின் வண்டில்களை அங்கே கண்காட்சிக்கு வைத்தார்கள். குடும்பங்களுக்கு நுழைவு இலவசம். உண்மையான ரெட் ரிவர் வண்டில் மாதிரி ஒன்றும் மேற்கிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்தது. டியூக் என்ற பெரிய சிவப்பு எருதைப் பூட்டி, ரோய் என்ற வயதான வெள்ளைக்காரர் அதைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போவார். பிள்ளைகள் ஏறிச் சுற்றலாம்.

பாவாடையும் தலைத்துணியும் போட்ட ஒரு பெண் எங்களைச் சுற்றி நிற்கவைத்து விளக்கம் சொன்னாள். புல்வெளியில் வண்டில்கள் எப்போதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகாதாம். பக்கம் பக்கமாகப் பல வரிசையாகப் போகுமாம். அந்தத் தடங்கள் இன்றும் சில இடங்களில் புல்லுக்கடியில் தெரிகின்றனவாம். வண்டில் கூட்டம் வருவது கண்ணுக்குத் தெரியுமுன் அச்சு அலறுவது கேட்குமாம். எருமை வேட்டைக்குப் போய் இறைச்சியும் தோலும் ஏற்றி வருவார்கள். சுட்டுச் சுட்டு எருமை எல்லாம் முடிந்தபின் அதே புல்வெளியில் எலும்பு பொறுக்கி வண்டிலில் ஏற்றி ரயிலடிக்குக் கொண்டுபோய் விற்றார்களாம், பசளைக்கு. இவ்வளவையும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"எதிரி தாக்க வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா?" என்று பிள்ளைகளைக் கேட்டாள். "வண்டில்களை வட்டமாக நிறுத்தி, சில்லோடு சில்லைப் பிணைத்துக் கோட்டை கட்டுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் மாடுகளும் உள்ளே. ஆண்கள் வெளியே குழி வெட்டிப் படுத்துச் சுடுவார்கள்."

மயூரி அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். எனக்கும் விளங்கியிருந்தது. வட்டத்துக்குள்ளே யாருக்கு யார் அடித்தார்கள் என்று அந்தப் பெண் சொல்லவில்லை.

பிறகு டியூக் வண்டிலை இழுத்துக்கொண்டு வந்தது. அந்த அச்சின் சத்தம்! இறைச்சிக் கடைக்குள் பன்றியை இழுத்துப்போவதுபோல் ஒரு அலறல். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. மாட்டையே பார்த்தார்.

"உது நடக்கிற நடையைப் பார். கிழடு தட்டின தேர் மாதிரி. உதை நான் ஓட்டினால் பறக்கும்."

ரோய் கூட்டத்தைப் பார்த்து, "எருது ஓட்டிப் பழகிய யாராவது இருக்கிறீர்களா?" என்று பகிடியாகக் கேட்டார். மயூரி துள்ளிக் கை தூக்கினாள். "மை டாட்! ஹீ வோஸ் எ ரேசர்! இன் ஸ்ரீலங்கா!" அவள் தகப்பனைப் பற்றி ஊர் உலகத்துக்கு முன்னால் பெருமையாகச் சொன்னதை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ரோய் சிரித்துக்கொண்டு கயிற்றை இவரிடம் நீட்டினார். மயூரியும் வகுப்புக்காரிகள் இருவரும் வண்டிலில் ஏறிக்கொண்டார்கள்.

இங்கேதான் பிழை நடந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்கமாட்டார்கள்.

டியூக் பழகியது வேறு பழக்கம். பக்கத்தில் ஒரு மனிதன் நடந்தால்தான் அதுவும் நடக்கும். மனிதன் நின்றால் நிற்கும். இவர் அதன் பக்கத்தில் நடக்கவில்லை. ஒரே தாவில் ஏறி வண்டிலின் முன்பக்கத்தில் குந்தினார். பக்கத்தில் ஆள் இல்லாத மாடு நின்ற இடத்தில் நின்றது. "ஹை" என்றார், அசையவில்லை. கயிற்றால் சுண்டினார், அசையவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கும் கேட்டது. இவரின் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன், அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். "இஞ்சருங்கோ, வேண்டாம்" என்று கத்தினேன். அதற்குள் வாலைப் பிடித்து முறுக்கிவிட்டார். அடுத்ததாகக் குனிந்து கடித்தார்.

5

டியூக்கை அதன் வாழ்நாளில் யாரும் கடித்ததில்லை. அது ஒரு முறை கதறியது. அடுத்த கணம் முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய்ந்தது. இவரின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. புருவத் தழும்பு விரிந்த சிரிப்பு. எத்தனையோ வருடமாகக் காணாத என் மாப்பிள்ளை ஒரு கணம் அங்கே நின்றார்.

பிறகு கயிற்றை இழுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த மாட்டுக்கு மூக்குக் குத்தவில்லை. அவர் கையில் இருந்தது தலையில் சும்மா மாட்டிய ஒரு வார். மூக்கணாங்கயிறு இல்லாத மாட்டைக் கடித்துக் கிளப்பிவிட்டார், நிறுத்த அவர் கையில் ஒன்றும் இல்லை.

ரோய் குறுக்கே பாய்ந்து தலைவாரைப் பிடித்தார். மாடு அவரை உதறி எறிந்தது. சில்லு அவர் காலுக்கு மேலால் ஏறி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அச்சின் அலறலுக்கு மேலால் எனக்குக் கேட்டது. மெழுகுதிரி செய்து காட்டிய மேசையை மாடு கொம்பால் தூக்கி எறிந்தது. கொதித்த மெழுகு சிந்தி ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வண்டிலுக்குள் பிள்ளைகள் பந்துபோல எகிறி எகிறி விழுந்தார்கள். "அப்பா ஸ்ரொப்! அப்பா ஸ்ரொப்!" என்று மயூரி கத்தியதுதான் எனக்குக் கேட்டது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினேன். என்ன செய்வதற்கு என்று தெரியாமலே ஓடினேன்.

கடைசியில் மரவேலியில் மோதியது. வேலி சிதறியது. வண்டில் உடையவில்லை. ஆணி இருந்தால் பிளந்திருக்கும். தோல் கட்டு என்றபடியால் முழு வண்டிலும் வளைந்து முனகி மீண்டும் நிமிர்ந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் புல்லில் கிடந்தார்கள். ஒருத்தியின் கை பிசகியிருந்தது. மயூரியின் கீழ் உதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம்.

இவர் முதலில் போனது மாட்டிடம். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். வண்டிலைச் சுற்றிப் பார்த்தார். நான் மயூரியை மடியில் போட்டு இரத்தத்தைத் துடைக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நல்ல வண்டில் என்ன. ஒரு கட்டும் அவிழேல்லை."

6

அம்புலன்ஸ் வந்தது, பொலிஸும் வந்தது. ரோய் ஸ்ரெச்சரில் படுத்துக்கொண்டே "அவருக்குத் தெரியாமல் நடந்தது, விடுங்கள்" என்று சொன்னார். அந்த மனிதனை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். கிராமத்து மனேஜருக்கும் வழக்கு வம்பு விருப்பமில்லை. ஒரு இளம் பொலிஸ்காரர் குறிப்பு எழுத வந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். மயூரி கிழிந்த உதட்டைத் துணியால் அழுத்திக்கொண்டு எழும்பி நின்றாள்.

ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கச் சொன்னார்.

"மாடு நிண்டால் என்ன செய்யிறது? பூசை செய்யிறதே? வாலைக் கடிச்சால்தான் ஓடும். ஊரிலை சின்னப் பிள்ளைக்கும் தெரியும் எண்டு சொல்லு."

மயூரி ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. "எங்கள் நாட்டில் மாடு ஓட்டும் முறை வேறு. அப்பாவுக்கு இது தெரியாது. அவர் மிகவும் கவலைப்படுகிறார். எல்லோரிடமும் சொறி சொல்கிறார்."

பொலிஸ்காரரின் முகம் இளகியது. பேனையை மூடினார். அவ்வளவில் முடிந்திருக்கும். எச்சரித்துவிட்டுப் போயிருப்பார்கள், நாங்களும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருப்போம். ஊருக்கு வெறும் பகிடிக் கதை ஒன்று மிஞ்சியிருக்கும். ஆனால் சொறி என்ற சொல் இவருக்கும் தெரியும்.

"ஆரடி உன்னைச் சொறி சொல்லச் சொன்னது? உந்தக் கிழட்டு மாட்டுக்கு நான் மன்னிப்புக் கேக்கவோ?"

கை முழுவதுமாகச் சுழன்று வந்தது. கிழிந்த உதட்டிலேயே விழுந்தது. மயூரியின் இரத்தம் பொலிஸ்காரரின் வெள்ளைக் கடதாசியில் தெறித்தது. வகுப்புப் பிள்ளைகள், தாய் தகப்பன்மார், தலைத்துணி போட்ட பெண் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பதை அவர் முதல்முறையாக வெயிலில் செய்தார்.

இரண்டு பொலிஸ்காரர் அவரின் கைகளைப் பின்னால் முறுக்கி அவரை வேலியோடு அழுத்தினார்கள். அவர் கத்தினார், உதைத்தார். மாடும் கத்தியது. இளம் பொலிஸ்காரர் மயூரியின் முன்னால் முழங்காலில் இருந்து மெல்லக் கேட்டார்.

"உன்னை வீட்டிலும் அடிப்பாரா?"

"நோ. நெவர். இதுதான் முதல் தரம்."

"அம்மாவை?"

"நோ."

வாயில் இரத்தத்தோடு என் பிள்ளை பொய் சொன்னாள். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நானும் நோ சொல்லவேண்டும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

எனக்கு லாண்டட் பேப்பர் ஞாபகம் வந்தது. வாடகை ஞாபகம் வந்தது. குடலை மிதித்துக்கொண்டு ஓடிய அந்த மாடும் வந்தது. எங்களைக் காப்பாற்றத்தானே குத்தினார் என்று எத்தனை வருடம் எனக்கு நானே சொல்லியிருப்பேன். இங்கே ஷெல் விழவில்லை. வெயில் எறித்தது. பிள்ளைகள் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றார்கள். இங்கே எதிலிருந்து யாரைக் காப்பாற்ற அடிக்கிறார்?

நூலகத்தின் நிலவறையில் நடந்த இலவச ஆங்கில வகுப்புக்கு நான் இரண்டு குளிர்காலம் போனேன். அங்கே பெண்களோடு ஊர்க்கதை அளந்துவிட்டு வருகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கதையும் அளந்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

"யெஸ்" என்றேன். "ஹீ பீற். ஹேர். மீ. மெனி இயேர்ஸ். ஷீ லை ஃபோர் ஹிம்."

பொலிஸ்காரருக்குக் கேட்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை அந்தக் கிராமம் முழுக்கக் கேட்கக் கத்திச் சொன்னேன்.

அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அந்த நேரம் கத்திக்கொண்டிருந்த அவரைக் காருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

7

பிறகு நடந்தது முழுக்கக் கந்தோர்க் கதை. பிள்ளைகள் நலப் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்து குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள், மயூரியைத் தனியறையில் வைத்து விசாரித்தாள். கோட்டில் இவருக்கு மறியல் இல்லை. பிடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடம் எங்கள் வீட்டுப் பக்கம் வரக்கூடாது, கைநீட்டும் ஆண்களுக்கான வகுப்புக்குப் போகவேண்டும் என்று தீர்த்தார்கள். பேப்பர் இன்னும் வரவில்லை.

"குடும்பத்தார் சொன்ன தகவலின்படி" என்று கோட்டில் மொழிபெயர்ப்பாளர் சொன்னாராம். குடும்பத்தில் ஆங்கிலம் பேசுவது பிள்ளைதானே என்று இவர் முடிவுகட்டிவிட்டார். சனமும் அப்படியே. நான் உண்மையைச் சொன்னபோது நடராசா அண்ணை சிரித்தார். "பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லுறாய். உனக்கு உந்தளவு இங்கிலீசு எங்கை?"

மயூரி என்னோடு கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. தகப்பன் எங்கே சாப்பிடுகிறார், யார் உடுப்புத் தோய்க்கிறார்கள் என்று கவலைப்பட்டாள். தான் அன்று கை தூக்காமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது என்று ஒரு நாள் அழுதாள். பழியைச் சனம் அவள்மேல் போட்டது போதாதென்று அவளும் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

8

இதுவரை எழுதிவைத்தபின் ஞாயிறு வந்து போய்விட்டது.

இரண்டு பேரும் பின்னேரம் வந்தார்கள். இவர் மெலிந்திருந்தார். கோவில் சேட்டுப் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு விருந்தாளிபோல இருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மயூரி தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்தே காத்திருந்தாள்.

நடராசா அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சரி பிள்ளை. அப்பாட்டைச் சொல்லு."

மயூரி எழும்பி நின்றாள். "அப்பா, ஐ ஆம்..."

"இரு பிள்ளை" என்றேன். "நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

"தங்கச்சி, நீ குறுக்கை வராதை. பேசி முடிச்ச விசயம்" என்றார் நடராசா அண்ணை.

நான் அவரைப் பார்க்கவில்லை. என் கணவருக்கு முன்னால் போய் நின்றேன். அன்று பொலிஸ்காரருக்குச் சொன்னதை அதே ஆங்கிலத்தில், அதே சத்தத்தில் சொன்னேன். அவர் வாய் பிளந்தார். பிறகு தமிழிலும் சொன்னேன்.

"சொன்னது நான். பிள்ளை உங்களுக்காகப் பொய்தான் சொன்னவள், வாயிலை ரத்தத்தோடை. மன்னிப்புக் கேக்கிறதெண்டால் நீங்கள் அவளிட்டைக் கேளுங்கோ. நான் கேக்கமாட்டன்."

"நீயோ?" என்றார். "நீயோடி?"

"ஓம். நான்தான்."

ஒரு வருடம் அந்த வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்தான். அப்படியிருந்தும் அவரின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. முழுக்க எழும்பவில்லை. நெஞ்சளவில் நின்றது. அவர் தன் கையையே பார்த்தார். அதே நேரத்தில் மயூரி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள். அடி விழவில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. விழுந்துவிட்டதாகவே குந்தியிருந்தாள்.

அவரும் அதைப் பார்த்தார்.

"அண்ணை, இவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன்.

நடராசா அண்ணை எழும்பினார். இவர் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். எலிவேற்றர் வந்து மூடும் சத்தம் கேட்டது. கதவை மூடக்கூட நான் நகரவில்லை. நின்ற இடத்தில் நின்று அழுதேன்.

மயூரி சுவரோரத்திலிருந்து எழும்பினாள். என்னைக் கடந்துபோய்க் கதவைச் சாத்தி, எம்பி நின்று, மேலே இருந்த சங்கிலியைப் போட்டாள்.